மாலைக்கண்ணும் கட்டை மீனும்

அத்தானை நினைத்தால் எனக்கு முகம் வருவதற்கு முன்னால் குரல்தான் வரும். "தெரியுதா?" என்ற ஒரே கேள்வி. கோயிலில் தீபாராதனை காட்டுவார்கள், ஊரெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும், இவர் மட்டும் பக்கத்தில் நிற்கிற ஆளின் தோளைத் தொட்டு, "சாமி முகம் தெரியுதா வே?" என்பார். அந்த ஆள் இவரைப் பெரிய பக்திமான் என்று நினைத்து இவருக்கும் ஒரு கும்பிடு போடுவார். மனுஷர் நிஜமாகவே தெரியாமல் கேட்கிறார் என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் வெளிச்சம்.

அவருக்கு மாலைக்கண். பகலெல்லாம் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் உட்கார்ந்து நகல் எழுதுகிற குமாஸ்தா. எழுத்து முத்து முத்தாக இருக்கும். சூரியன் மேற்கே சாய்ந்ததோ இல்லையோ, கதவைச் சாத்தின மாதிரி எல்லாம் போய்விடும். காக்கா கூடு அடையுமுன் வீட்டுக்கு வந்துவிடுவார். 'பொண்டாட்டி முந்தானையை விட்டு நகர மாட்டான்' என்று தெருவில் கேலி. கேட்டால் சிரிப்பார். கண் தெரியாதவன் என்ற பேரை விட அந்தப் பேர் மேல் என்று நினைத்தாரோ என்னமோ.

நான் அவர் மனைவியின் தங்கை. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதப் போய், வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த காலம் அது. ஐரோப்பாவில் பெரிய சண்டை மூளுவதற்கு இரண்டொரு வருஷம் முந்தி. அதுவரை நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அத்தான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'ஏட்டி சின்னவளே' என்பார். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் அம்மாவே சொல்வாள், அதனால் அவருக்கு என்னோடு வம்பு வளர்ப்பதில் ஒரு சந்தோஷம்.

வயிறு அவருக்குப் பிறவிச் சத்துரு. கஞ்சியும், வெண்ணெய் எடுத்த மோரும் தவிர எதுவும் தங்காது. பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை என்று அக்கா ஆய்ந்து ஆய்ந்து விரல் கறுத்துப் போனாள். உள்ளே போனது போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். கடைசியில் வெள்ளை விழியில் நுரை படிந்த மாதிரி ஏதோ பூத்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"பிள்ளைவாள், மீன் ஈரல் எண்ணெய் தாறேன், குடியும். இருட்டுல திரும்பக் கண்ணு தெரியும். இல்லேன்னா இன்னும் கொஞ்ச நாள்ல பகலும் போயிரும்."

அத்தான் எழுந்து நின்றுவிட்டார். "ஏழு தலைமுறையாப் புலால் தொடாத குடும்பம் எங்களுது. பகலும் போகட்டும். கட்டையில போற வரைக்கும் அந்தச் சனியனை நாக்குல வைக்க மாட்டேன். நாலு பேர் கேக்கச் சொல்லுதேன், கேட்டுக்கிடும்."

நாலு பேர் கேட்கத்தான் சொன்னார். அதுதான் பெரிய இடைஞ்சலாகப் போயிற்று. தனியாகச் சொன்ன வார்த்தையை விழுங்கிக்கொள்ளலாம், ஊர் கேட்கச் சொன்னதை எங்கே கொண்டு ஒளிப்பது? எனக்கு வந்த கோபத்துக்கு, கண்ணு கெட்ட பிறகா சூரிய நமஸ்காரம் பண்ணப் போறீங்க என்று அங்கேயே கேட்டிருப்பேன். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

இந்த நேரத்தில்தான் மேலப்பாளையத்துச் சாயபு ஒரு பூச்சு டப்பாவோடு வந்தார். தறிச் சேலையும் கைலியும் கொழும்புக்கு அனுப்புகிற வியாபாரி. ஏதோ பாகப்பிரிவினை வழக்கில் நகல் வாங்கக் கோர்ட்டுக்கு நடந்து நடந்து அத்தானுக்குச் சிநேகிதமானவர். நல்ல மனுஷர், ஆனால் மீன் பிடிக்கிறதில் கோட்டி பிடித்தவர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் வண்டியைப் பூட்டிக்கொண்டு சீவலப்பேரிக்குப் போய்விடுவார். சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேருகிற இடத்தில், வெளிச்சம் மங்குகிற நேரம் வாளை மீன் இரை தேடி மேலே வருமாம்.

"பிள்ளைவாள், கொழும்புல ஒரு வெள்ளைக்காரன் கடையில வாங்கினேன். பகல்ல வெயில்ல வச்சா இருட்டுல தானா மினுங்குது. மரத்துல மீன் செஞ்சு இதைப் பூசிப் போட்டா வாளை ஓடி வருமாம். உமக்குத்தான் கத்தி பிடிச்ச கை. ஒரு மீன் செதுக்கித் தாரும்" என்றார்.

அத்தானுக்கு மரம் செதுக்குகிற கை உண்டு. கல்யாண முருங்கைக் கட்டையில் மயில், கிளி என்று எதையாவது சீவிக்கொண்டிருப்பார். ஆனால் மீன் என்றதும் காதைப் பொத்திக்கொள்வார் என்று நான் நினைத்தேன். இவரோ டப்பாவைக் கையில் வாங்கி, "இருட்டுல தானாத் தெரியுமா? விளக்கு வேண்டாமா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். குரலே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. இருட்டில் தனக்குத் தெரியக்கூடிய ஒன்று உலகத்தில் இருக்கிறதோ என்று மனுஷருக்கு ஒரு நப்பாசை.

செதுக்கச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "தூண்டில் முள்ளை நீரே மாட்டிக்கிடும் வே. மீன் செய்யுதது நான். கொலை செய்யுதது நீரு. எத்தனை பிடிச்சீருன்னும் என்கிட்ட வந்து சொல்லப்பிடாது."

சாயபு வயிறு குலுங்கச் சிரித்தார். "சரிதான், மறுமையில கேட்டா என் பேரைச் சொல்லிரும்."

கட்டை மீன் உள்ளங்கை நீளம் வந்தது. சொரசொரப்பான பராய் இலையால் தேய்த்துத் தேய்த்துக் கன்னம் மாதிரி வழவழப்பாக்கினார். அதுவரைக்கும் சரி. பூச்சில்தான் கோர்ட்டுக் குமாஸ்தா புத்தி குறுக்கே வந்தது. ஆயுள் முழுக்க மை கெட்டியானால் தண்ணீர் விட்டுக் கலக்கின கை. டப்பாவில் இருந்தது கெட்டியாக இருக்கிறதே என்று செம்புத் தண்ணீரை ஊற்றிக் கலக்கிவிட்டார். அட கடவுளே! எழும்பிற்று பாருங்கள் ஒரு நாற்றம், கூமுட்டையை உடைத்துத் தலையில் ஊற்றின மாதிரி. அன்றைக்கு ஆடி அமாவாசை வேறு. தர்ப்பணம் முடித்து வந்த உறவுக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சைவ வீட்டில் முட்டை வாடை! பெரிய மாமா இலையை மூடிவிட்டு, "என்ன மாப்ளே, நடுக்கூடத்துல கோழி அடை வச்சிருக்கீரா?" என்றார்.

அத்தான் அசையவில்லை. "மருந்து மாமா. கண்ணுக்கு" என்றார். அதில் பொய்யும் இல்லை பாருங்கள்.

தண்ணீர் பட்டால் அந்தச் சரக்கு செத்துப்போகும் என்று அப்புறம்தான் சாயபு விசாரித்து வந்து சொன்னார். வார்னிஷில் குழைக்க வேண்டும், காய்ந்தபின் மேலேயும் குங்கிலிய வார்னிஷ் பூசி மூடவேண்டும், இல்லாவிட்டால் ஆற்றில் போட்ட மாத்திரத்தில் அவிந்துவிடும். புது டப்பாக்கள் இரண்டு வந்தன. ஒன்று நீலமாக ஒளிரும், ஒன்று பச்சை. பச்சை சட்டென்று பளிச்சிடும், சீக்கிரம் அடங்கிவிடும். நீலம் மங்கல்தான், ஆனால் நின்று எரியும். இதையெல்லாம் சொன்னது யார் என்கிறீர்கள்? நான்தான்.

எங்கள் வீட்டில் அரங்கு என்று ஒரு உள்ளறை. ஜன்னல் கிடையாது, உச்சிப்பகலிலும் கையை நீட்டினால் கை தெரியாது. அத்தான் கட்டை மீனை மொட்டை மாடியில் வெயில் காயவைத்து எடுத்து வந்து என் கையில் கொடுப்பார். நான் அரங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அவர் வெளியே நின்று, "தெரியுதா? ஏட்டி சின்னவளே, தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பிறகு தானும் உள்ளே வருவார். நான் மீனை அவர் மூக்குக்கு நேரே பிடிப்பேன். கண்ணை அகல விரித்துப் பார்ப்பார். நீலமாகப் பளபளவென்று கண்ணுக்கு முன்னால் மீன் நிற்கும். அவர் வேறு பக்கம் பார்த்து நிற்பார்.

"இங்கன அத்தான், இங்கன" என்று அவர் முகத்தைத் திருப்பிவிடுவேன்.

"ம்... இன்னொரு பூச்சு பூசணும் போலிருக்கு" என்பார்.

அதைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க முடியாது. வெளியே வந்து, "பூச்சுக்காரருக்குப் பூசத் தெரியல, வேறென்ன!" என்று ஏதாவது வாயாடிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

ஒருநாள் அரங்குக்குள் நின்றபோது தூரிகையை உதறினதில், கதவு திறந்தால் முற்றத்து வெயில் விழுகிற சுவரில் நாலைந்து துளி தெறித்திருந்ததைப் பார்த்தேன். மீனை விட அந்தத் துளிகள் பிரகாசமாக இருந்தன. "அத்தான், உங்க மீனை விட உங்க சுவர் நல்லாயிருக்கு" என்றேன். கேலிக்குச் சொன்னதுதான். அவர் பிடித்துக்கொண்டுவிட்டார். சுவர் சுண்ணாம்பு வெள்ளை, கட்டை பழுப்பு. அன்றிலிருந்து கட்டைக்கு முதலில் வெள்ளை அடித்து, காயவிட்டு, அதற்குமேல் ஒளிப்பூச்சு. எத்தனை சந்தோஷம் அன்றைக்கு! எனக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். இனித் தனக்கும் தெரிந்துவிடும் என்று நம்பினார் பாவம். தெரியவில்லை.

ஆகவே அப்பினார். தலையிலிருந்து வால்வரை, கண், செதில், செவுள் ஒன்று விடாமல் கனமாக அப்பினார். அரங்குக்குள் போனால் நிலா விழுந்து கிடக்கிற மாதிரி இருக்கும். சாயபு அவற்றைச் சீவலப்பேரிக்குக் கொண்டுபோய் வெறுங்கையோடு திரும்பினார்.

"பிள்ளைவாள், இவ்வளவு வெளிச்சம் போட்டா வாளை பயந்து ஓடுது. அது ஒண்ணும் ஜட்ஜி இல்லை, எல்லாத்தையும் தெளிவாக் காட்ட. அடிவயித்துல ஒரு கோடு, செவுள்ல ஒரு பொட்டு, அது போதும். கொஞ்சம் தெரியணும், மிச்சத்தை அதுவா நினைச்சுக்கிடணும்."

"ஒத்தைக் கோடு யாருக்கு வே தெரியும்?" என்று அத்தான் கத்தினார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒருதரம்தான். சாயபு விஷயத்தைப் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டார். அப்புறம் கோடு போதும் என்று சொல்லவே இல்லை. அப்பின மீன்களை வாங்கிக்கொண்டு போய், வீட்டில் வைத்துத் தானே சுரண்டி, அடிவயிற்றில் மட்டும் விட்டுத் தண்ணீரில் போட்டார். அப்படித்தான் வாளை அகப்பட ஆரம்பித்தது. சிநேகிதம் என்றால் அதுவல்லவா?

பிரதோஷம் தவறாமல் அத்தானுக்குக் கோயிலுக்குப் போகவேண்டும். போகும்போது வெளிச்சம் இருக்கும், வரும்போது இருட்டிவிடும். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டி வருவாள். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி பத்தடி பின்னால் வருவாள். தொடுவதாவது! முதலில் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு விஷயம் பரவியது. 'பாவம், கண்ணு தெரியாத மனுஷன்' என்று வழி விட்டார்கள். பிடித்துக்கொள்ளத் தெருவே அனுமதி கொடுத்துவிட்டது. பகலில் கல்லு மாதிரி இருக்கிற அக்கா முகம் அந்த நடையில் மட்டும் இளகியிருக்கும். பின்னால் வருகிற எனக்கு அது தெரியாமல் போகுமா?

ஐப்பசி மழையில் வானம் நாலுநாள் மூடிக் கிடந்தது. அத்தான் பட்டப்பகலில் நடைவாசல் படி தெரியாமல் விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டு வந்தார். அக்கா மஞ்சள் வைத்துக் கட்டினாள். கட்டி முடித்துக் கை கழுவினவள், அன்று அத்தான் பின்கட்டில் அசந்து தூங்கின நேரம் சாயபு வந்தபோது கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அந்நிய ஆணோடு நேரே பேசுவது வழக்கமில்லை. என்னிடம் சொல்லுகிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"ஏட்டி, வாளை ஈரல்ல எண்ணெய் எடுக்க முடியுமான்னு கேளு."

நான் கேட்கவேண்டிய தேவையே இல்லை. சாயபு தரையைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "முடியும்மா. எங்க வீட்டுல உருக்கித் தருவாக. ஆனா பிள்ளைவாளுக்குத் தெரிஞ்சா அப்புறம் என் முகத்துல முழிக்க மாட்டாரே."

"முழிக்கக் கண்ணு இருந்தாத்தானே?" என்றாள் அக்கா. "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? கொண்டுவரச் சொல்லு."

அத்தான் வயிற்றுக்குத் தினம் ஒரு உருண்டை லேகியம் சாப்பிடுவார். சுக்கு, ஓமம், பெருங்காயம், கருப்பட்டி எல்லாம் போட்டு அக்கா கிளறுவது. ஈரல் எண்ணெய் அதில் சேர்ந்த நாளிலிருந்து அடுப்படியில் கிளறவில்லை. மாட்டுத்தொழுவத்தில் தனியடுப்பு, தனிச்சட்டி. கிளறி முடித்து வாய்க்காலில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். குளிரில் உதடு நீலம் பூத்து, திருநீற்றைப் பூசிக்கொண்டு சாமி படத்துக்கு முன் நிற்பாள். என்ன கேட்டாளோ. நான் கேட்டிருந்தால், 'உமக்குக் கண்ணு மூணு இருக்கு, எங்க அத்தானுக்கு இருக்கதே ரெண்டுதானே' என்று கேட்டிருப்பேன். பாவமாவது புண்ணியமாவது! பகலும் போய்விட்டால் எந்தச் சைவம் வந்து சோறு ஊட்டும்?

முதல் உருண்டையை வாயில் போட்ட அத்தான் மெல்லுவதை நிறுத்தினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"ஏளா, பெருங்காயம் கூடிட்டு" என்றார். விழுங்கிவிட்டார்.

அவ்வளவுதான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அரங்குச் சோதனையும் பழையபடி நடந்தது. நான் உள்ளே, அவர் வெளியே, "தெரியுதா?" அவர் உள்ளே வந்தால் நான் மூக்குக்கு நேரே பிடிப்பேன், "தெரியலயே சின்னவளே" என்பார். மார்கழி வந்தது, தை வந்தது. அந்தத் துணிச்சலெல்லாம் வீணாகப் போயிற்றே என்று அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

மாசியில் ஒருநாள் சாயபு துள்ளிக்கொண்டு வந்தார். கையில் புது மீன். "சுரண்டவே வேண்டாம்! பிள்ளைவாளுக்கு இப்பல்லா கை வந்திருக்கு!"

வாங்கி அரங்குக்குள் கொண்டுபோய்ப் பார்த்தேன். அடிவயிற்றில் மயிரிழை மாதிரி ஒரே ஒரு நீலக்கோடு. செவுளில் ஒரு பொட்டு. கோடு வாலுக்குப் போகப் போக மெலிந்து, எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியாமல் கரைந்துபோயிற்று. பகலில் பார்த்தால் அந்தப் பூச்சு வெள்ளைமேல் வெள்ளை, இருப்பதே தெரியாது. இருட்டில் பார்க்க முடிகிற ஒருத்தர்தான் அதை அந்த மாதிரி இழுக்க முடியும். கை புதிதாக எங்கே வந்தது, கை அப்போதும் இருந்ததுதான்.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "நீ உன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால் வேறு அடையாளங்களும் இருந்தன, நான்தான் கவனிக்கவில்லை. லேகியம் கொண்டுவரக் கொஞ்சம் தாமதமானால், "ஏளா, அந்த உருண்டை எங்க?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார். மீன் பிடித்ததைச் சொல்லப்பிடாது என்றவர், "என்ன வே, வாளை அம்புட்டுதா?" என்று சாயபுவிடம் வாய்விட்டே கேட்டார். முள் மட்டும் கடைசிவரை மாட்டவில்லை. அது அவர் கணக்கு.

பின் ஏன் சொல்லவில்லை? தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் எதைச் சாப்பிட்டுத் தெரிகிறது என்று ஊர் கேட்கும். நாலு பேர் கேட்கப் பண்ணின சபதம். அக்காவை இழுத்து நடுத்தெருவில் நிறுத்தும். அவளுக்காகத்தான் பேசாமல் இருந்தார் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது பாதிதான். மிச்சப் பாதி ஒரு பிரதோஷத்தன்று தெரிந்தது.

கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தோம். இருட்டிவிட்டது. அக்கா வழக்கம்போல் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவர் வழக்கம்போல் முகத்தை ஆகாசத்துக்குத் தூக்கிக்கொண்டு காலால் தடவித் தடவி நடந்தார். வாய்க்கால் பாலத்தில் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே காலை எடுத்து வைத்தாள். சட்டென்று அத்தான் அவளை ஒரு இழுப்பு இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். பாலத்துக் கல்லொன்று பெயர்ந்து கிடந்தது. அக்கா கால் வைக்க இருந்த இடத்தில் பொத்தல், கீழே தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது.

மூன்று பேரும் அப்படியே நின்றோம். அக்கா பொத்தலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் முகத்தை மறுபடி ஆகாசத்துக்குத் தூக்கிவிட்டார்.

"என்னளா நின்னுட்டே? வழி தெரியுதா, இல்லையா?"

அக்கா மறுபடி பொத்தலைப் பார்த்தாள். பிறகு, "தெரியுது. பைய வாங்க" என்றாள்.

பிடித்திருந்த மணிக்கட்டை அவள் விட்டாள். விட்ட கையை அவர் தேடிக்கொண்டிருக்கவில்லை, நேரே எடுத்துத் தன் விரல்களைக் கோத்துக்கொண்டார். இரண்டு பேரும் பொத்தலைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குள் போனார்கள். வாசலில் நின்ற யாரோ, "பாவம், எத்தனை வருஷமா இப்படிக் கூட்டிக்கிட்டு வாரா" என்றார்கள்.

பாவமாம்! பின்னால் தனியாக நடந்து வந்த எனக்கல்லவா வயிறெரிந்தது.